காமெடி பாட்டு பாடுறவர் டிவி பாட்டுப் போட்டிக்கு மென்டரா வரலாமா?

தாராளமா வரலாம். காமெடி பாட்டுன்னா லேசான வேலைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா ஒரு ஜோக்கை பாட்டுக்குள்ள வெச்சுப் பாடும்போது தாளம் கொஞ்சம் தள்ளிப் போனாலும் சரி வார்த்தை தெளிவா விழலைன்னாலும் சரி, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க.

நான் கடலூர்ல ஒரு மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிச்சவன். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல கச்சேரி, புதுசா வந்த பொண்ணு மேல் ஸ்தாயில வரி முடியறதுக்குள்ள மூச்சு வாங்கித் திணறுது. எங்க காமெடி பாட்டு அண்ணன்தான் மேடை ஓரமா கூப்பிட்டு, "பாப்பா, அந்த வார்த்தைக்கு முன்னாடியே மூச்சை இழுத்துக்கோ, கடைசி எழுத்தை முழுங்காத"ன்னாரு. அடுத்த பாட்டுலயே வரி முழுசா வந்துச்சு!

சந்திரபாபுவும் காமெடியன்தானே, தமிழ் சினிமாவுல யோடலிங்னாலே, அதாவது குரலை சட்டுசட்டுனு மேலயும் கீழயும் மாத்திப் பாடுறதுன்னாலே, இன்னிக்கும் அவர் பேரைத்தான் சொல்றோம். அமெரிக்காவுல வியர்ட் அல் யாங்கோவிக்னு ஒருத்தர், மத்தவங்க ஹிட் பாட்டுக்கு நக்கலா வரி எழுதிப் பாடுறவர், 2014ல அவர் ஆல்பம் அங்க ஆல்பங்களை வரிசைப்படுத்துற பில்போர்டு 200 பட்டியல்ல முதல் இடம். ராக், ராப், போல்கான்னு எல்லாத்தையும் அச்சு அசலா பாடுவாரு. சூப்பர் சிங்கரோ அமெரிக்கன் ஐடலோ, போட்டியில பசங்க பாடுறதும் பெரும்பாலும் அடுத்தவங்க பாட்டுதான், அதை எப்படி உள்வாங்கி தன்னோடதா மாத்தறதுன்னு இவரைவிட யாரு நல்லா சொல்லித்தர முடியும்?

கர்நாடக சங்கீத ரவுண்டுக்கு மட்டும் அதுக்குன்னு கத்துக்கிட்ட வாத்தியார் வேணும், அங்க காமெடி பாட்டுக்காரரை உக்கார வைக்காதீங்க.