டீச்சரும் சாயங்கால ஓ.பி.யும்

மதிப்புக்குரிய ஐயா,

கேரளப் பஞ்சாயத்துகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், கோவிட் சமயத்தில் அங்கே சுகாதார அமைச்சராக இருந்த கே.கே. ஷைலஜாவை மருத்துவர் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அவர் பள்ளி ஆசிரியை. அது இருக்கட்டும். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கோவிட் சமயத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் வீடுவீடாக ஏறி இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. எங்களை யாரும் படம் எடுக்கவில்லை. அந்த அம்மாவை அவ்வளவு தூக்கிவைத்துக் கொண்டாடியது பத்திரிகைகள் செய்த வேலைதானே? 2021 ஜூலை கடைசியில் நாட்டின் புதிய தொற்றில் பாதி கேரளத்தில் இருந்ததே? அத்தனை கெட்டிக்காரர் என்றால், ஜெயித்து வந்த அவருடைய கட்சியே ஏன் மறுபடி மந்திரி ஆக்கவில்லை?

எஸ்.கே., பொள்ளாச்சி

அன்புள்ள அம்மா,

தப்பு என்னுடையதுதான். திருத்திவிட்டேன். அந்த ஊரில் அவருக்குப் பெயரே 'டீச்சர்'தான், எனக்கு மறந்திருக்கக் கூடாது. கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். 1996லேயே கூத்துப்பறம்பில் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். 2004இல் வேலைக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு முழுநேர மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வேலை, மாதர் சங்க வேலை. 2006இல் பேராவூரில் வெற்றி, 2011இல் அதே பேராவூரில் தோல்வி. 2016இல் மறுபடி கூத்துப்பறம்பு, அதுவும் பதவியில் இருந்த ஓர் அமைச்சரைத் தோற்கடித்து. பிறகுதான் சுகாதாரத் துறை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியதைப் படித்தால் ஏதோ நோய்க்கிருமியோடு சேர்ந்து அவரும் திடீரென்று வந்து இறங்கியதுபோல இருக்கும். அதற்கு முன்னால் இருபது வருஷம் கிளைக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்.

பத்திரிகைகள் ஊதியதா என்று கேட்கிறீர்கள். ஊதின. ஆனால் எதைக் கொண்டாடியிருக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதை ஊதின என்பது என் எண்ணம்.

2017இல் 'ஆர்த்ரம்' என்ற திட்டம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றுவது. முதல் கட்டத்தில் 170. பெயர்ப்பலகை மாற்றுகிற திட்டம் எல்லா மாநிலத்திலும் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? இதில் புதிதாக இருந்தது ஓ.பி., அதாவது புறநோயாளிகளைப் பார்க்கிற நேரம். மத்தியானத்தோடு மூடிவிடுகிற ஓ.பி.யைச் சாயங்காலம் ஆறு மணி வரை நீட்டினார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் என் நண்பரின் அம்மாவோடு ஒருமுறை அப்படி ஒரு நிலையத்துக்குப் போனேன். மணி நாலரை. ரப்பர் தோட்ட வேலை, கல்குவாரி வேலை முடித்து நேரே வந்தவர்கள், கை கால் கழுவாமல்கூட. டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டு, செவிலியர் ஒருவர் ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்துச் சீட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். நண்பரின் அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. 'முன்னெல்லாம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகும்' என்றார். எனக்கு அந்தத் திட்டத்தைப் பற்றி அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இது சும்மா வந்துவிடவில்லை. ஆள் போடாமல் நேரத்தை நீட்டுகிறார்கள் என்று டாக்டர்களுக்குக் கோபம். அதில் நியாயமும் இருந்தது. நீங்களே துணை சுகாதார நிலையத்தில் ஒற்றை ஆளாக இருந்திருப்பீர்கள், தெரியும். பாலக்காடு மாவட்டம் குமரம்புத்தூரில் சாயங்கால ஓ.பி. நடத்தவில்லை என்று ஒரு மருத்துவரைப் பணியிடை நீக்கம் செய்ததும் அரசு மருத்துவர் சங்கம் 2018 ஏப்ரல் நடுவில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நாலு நாள். அரசு வளைந்து கொடுக்கவில்லை. டாக்டர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 16ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிகிறது. மே 20ஆம் தேதி நிபா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் கேரளத்தில் உறுதியாகிறது. ஒரு மாதம் முன்பு யாரோடு மல்லுக்கு நின்றாரோ, அதே டாக்டர்களையும் செவிலியர்களையும் வைத்துத்தான் அவர் அந்த நோயை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் சங்கரோத்தில் ஒரே வீட்டில் அடுத்தடுத்து சாவு. சந்தேகப்பட்டு மாதிரியை மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள் கோழிக்கோட்டின் ஒரு தனியார் மருத்துவமனை டாக்டர்கள். அமைச்சர் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. அவர் செய்தது, கோழிக்கோட்டிலேயே போய் உட்கார்ந்து கொண்டது. பேராம்பிரா எம்.எல்.ஏ.வாக இருந்த தொழிலாளர் அமைச்சர் டி.பி. ராமகிருஷ்ணனும் கூட இருந்தார். தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியல் போட்டு, தினமும் கூப்பிட்டு விசாரித்தார்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல என்று எனக்குத் தோன்றும். பழக்கதோஷமாகவும் இருக்கலாம். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 17 பேர். அதில் ஒருவர் பேராம்பிரா தாலூகா மருத்துவமனை செவிலியர் லினி. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, கோவிட். இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில். வூஹானிலிருந்து வந்த மருத்துவ மாணவி. ஆரம்பத்தில் தினமும் பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் ஷைலஜா. எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா சட்டமன்றத்திலேயே இதை 'மீடியா மேனியா' என்றார். மார்ச் முடிவதற்குள் அந்த மாலைச் சந்திப்பு முதல்வர் பினராயி விஜயன் கைக்குப் போனது. டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பேசமாட்டார். ஜூனில் மாநில காங்கிரஸ் தலைவர் முல்லப்பள்ளி 'நிபா ராஜகுமாரி', 'கோவிட் ராணி' என்றெல்லாம் பேசிக் கெட்ட பெயர் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு ஆம்பளை மந்திரி டிவியில் தினமும் வந்தால் 'ராஜா' என்று திட்டுவார்களா, தெரியவில்லை.

பாதித் தொற்று கேரளத்தில் என்றீர்கள். எண் சரிதான். ஆனால் அப்போது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம்) ரத்தப் பரிசோதனை செய்து எடுத்த கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடு முழுக்க மூன்றில் இரண்டு பேருக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது, கேரளத்தில் 44 சதவீதம் பேருக்குத்தான். அதாவது நோய் அதுவரை தொடாத ஆட்கள் அங்கே நிறைய மிச்சம் இருந்தார்கள். போதாததற்கு, அந்த ஜூலையில் அவர் அமைச்சரே இல்லை.

அவர் பதில் சொல்ல வேண்டியவை வேறு. கோவிட் சாவுகளை எண்ணியதில் கேரளம் கஞ்சத்தனம் காட்டியது. பிறகு பழைய சாவுகளை ஆயிரக்கணக்கில் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது. 2020 மார்ச் கடைசியில் 550 ரூபாய்க்கு வாங்கிய கவச உடையை, இரண்டே நாளில் இன்னொரு நிறுவனத்திடம் 1,550 ரூபாய்க்கு வாங்கினார்கள். பஞ்ச காலத்தில் கிடைத்த விலைக்கு வாங்கினோம், முதல்வருக்கும் தெரியும் என்றார். 2025இல் தணிக்கை அறிக்கையும் அதைக் குறையாகத்தான் எழுதியது. வாங்கிய அமைப்பு கேரள மருத்துவப் பணிகள் கழகம். மருந்துக் கொள்முதலுக்குத் தமிழ்நாட்டில் நாம் 1994இல் அமைத்த கழகத்தைப் பார்த்து அவர்கள் அமைத்தது. முன்மாதிரி கொடுத்தவர்கள் என்கிற முறையில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 2021 மே மாதம் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். கேரள சட்டமன்ற வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. முதல்வருக்குத் தர்மடத்தில் கிடைத்ததே 50,123. மே 18ஆம் தேதி மந்திரிப் பட்டியல் வந்தபோது முதல்வரைத் தவிர, முந்தைய மந்திரிசபையில் இருந்த கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. புதுமுகங்களுக்கு வழி என்றார்கள். சட்டமன்றக் கட்சிக் கொறடா பதவி கொடுத்தார்கள். பத்திரிகையாளராக இருந்த வீணா ஜார்ஜ் சுகாதாரத்துக்கு வந்தார்.

இதில் சதி ஒன்றும் தேட வேண்டாம் என்று முதலில் நானும் நினைத்தேன். நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக்குக்குப் போட்டியிடவே சீட்டு கொடுக்காத கட்சி, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த அளவுகோல் முதல்வரைத் தொடவில்லையே. இன்னொன்றும் உறுத்துகிறது. பட்டியல் வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மே 11ஆம் தேதி, ஒரு காலத்தில் கட்சியின் பெரிய தலைவராக இருந்த கே.ஆர். கௌரியம்மா இறந்துபோனார். 1987இல் கௌரிதான் முதல்வர் என்று சொல்லி ஓட்டுக் கேட்டுவிட்டு, ஜெயித்ததும் வேறொருவரை உட்காரவைத்தார்கள். கௌரியம்மா சண்டை போட்டார், கடைசியில் கட்சி அவரை வெளியேற்றியது. டீச்சர் சண்டை போடவில்லை. அடுத்த வருஷம் மகசேசே விருது வந்தபோதும் கட்சி வேண்டாம் என்றது, வேண்டாம் என்றுவிட்டார். மகசேசே பிலிப்பைன்ஸில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கியவர், தவிர இது கூட்டு வேலை, ஒருவருக்கான பரிசு அல்ல என்பது கட்சி சொன்ன காரணம். கூட்டு வேலை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். உங்களுக்கும் இருக்கும்.

அந்த மே மாதம் நண்பரின் அம்மாவிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். பாவம் என்றார். 'சாயங்கால ஓ.பி.யை நிறுத்திடுவாங்களா?' என்று கேட்டார்.

2024இல் டீச்சரை மக்களவைக்கு வடகரையில் நிறுத்தினார்கள். காங்கிரஸின் ஷாஃபி பரம்பிலிடம் ஒரு லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். கூத்துப்பறம்பு அந்தத் தொகுதியில்தான் வருகிறது. பேராம்பிராவும்.