கொல்லைக்கு வருவது இளஞ்சிவப்புப் புறாவா?

வணக்கம். ரோஸ் ஹில் வீட்டுக் கொல்லையில் தினமும் அரிசி பொறுக்க வரும் புறா நம் மொரீஷியஸுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறாவா, பிடித்து ஒப்படைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிடிக்காதீர்கள். சாம்பல் தலை, கருஞ்சிவப்பு உடம்பு என்கிறீர்கள். அது மடகாஸ்கர் புறாவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டு மாமரத்திலும் இரண்டு குடியிருக்கின்றன.

அசல் புறாவுக்குத் தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு, வால் செங்கல் நிறம். சிவப்பு அலகின் நுனி மட்டும் பாலில் தோய்த்தது போல் வெள்ளை. பெரும்பாலானவற்றின் காலில் வண்ண வளையமும் இருக்கும். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைதான் மிஞ்சியிருந்தன.

அரிசி போடுவதில் ஒரு சிக்கல். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் தொண்டை நோய் புறாக்கள் கூடித் தின்னும் இடத்தில் எளிதில் பரவும்; இளஞ்சிவப்புப் புறாக் குஞ்சுகள் பலவற்றைக் கொல்வதும் அதுவே. தண்ணீர்க் கிண்ணத்தையாவது தினமும் கழுவுங்கள்.

இளஞ்சிவப்புப் புறாவை நேரில் பார்க்க ஆசையென்றால் மாயேபூர் பக்கம் இல் ஓ எக்ரெட் போங்கள். 26 ஹெக்டேர் தீவு, 1965 முதல் இயற்கைக் காப்பகம். புவான்ட் ஜெரோமிலிருந்து படகு, வழிகாட்டியோடுதான் நடக்கலாம். தரை முழுக்கப் பவளப்பாறை, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். அல்டாப்ரா ஆமைகள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். அழிந்துபோன நம் ஆமைகளுக்குப் பதிலாக, கருங்காலி விதையைப் பரப்பக் கொண்டுவந்து விட்டவை. பிள்ளைகளுக்குப் புறாவைவிட அதுதான் பிடிக்கும், பாருங்கள்.