சென்னையில் பழகிய காதும் ரவான் சத்தமும்

கேள்வி: மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், மிருதங்கம் படிக்கிறேன். மார்கழி முழுவதும் சென்னையில் தங்கிக் கச்சேரி கேட்டுவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து இங்கே எதுவும் காதில் ஏறவில்லை. மாமா மகன் ரவான் என்ற தோல் வாத்தியம் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூப்பிட்டான். "அது வெறும் சத்தம்" என்று சொல்லிவிட்டேன். அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. மறுபடியும் சென்னைக்கே போய்விடலாமா?

பதில்: அன்புள்ள தம்பி, ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஊர் திரும்பியதும் எல்லாம் வெறிச்சோடித்தான் தெரியும். 25 வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. சென்னைக்குப் போவதா வேண்டாமா என்பதை இந்த ஏக்கம் தணிந்த பிறகு முடிவு செய்யுங்கள். இப்போது அவசரமானது உங்கள் மாமா மகன்.

அவர் ரவான் வாசிப்பது சேகாவுக்கு, நம் தீவின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை அது. நீங்கள் சேகா என்று இதுவரை கேட்டது எது? ஓட்டலில் சுற்றுலாப் பயணிகளுக்காக, கீபோர்டோடு ஆடிக் காட்டுவதா? அதை வைத்து எடை போட வேண்டாம். மணலில் உட்கார்ந்து ரவான், மராவான் என்ற குலுக்கும் பெட்டி, முக்கோணக் கம்பி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கிரியோல் மொழியில் அந்த நேரத்துக்குத் தோன்றியதைப் பாடுவார்களே, அதைக் கேளுங்கள். 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது அந்தப் பழைய சேகாவைத்தான்.

மிருதங்கக்காரருக்கு அதில் நிறைய இருக்கிறது. முதலில் கையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஆறு எண்ணிக்கை வரும். திஸ்ர நடை மாதிரி மூன்று மூன்றாகப் போகிறது என்று நினைப்பீர்கள். திடீரென்று அதே ஆறு இரண்டு இரண்டாகப் பிரிந்து காதில் விழும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும். கணக்கை எழுதி வைத்து வாசிக்கிறவர்கள் இல்லை அவர்கள், கையிலேயே வைத்திருக்கிறார்கள். சென்னையில் தனி ஆவர்த்தனம் கேட்டுக் கூர்மையான உங்கள் காதுக்கு இது பிடிபடும். அந்தப் பயணம் இதற்கும் உதவட்டுமே.

அப்புறம் ரவானைக் கையில் வாங்கிப் பாருங்கள். மரச் சட்டத்தில் ஆட்டுத்தோல். ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும், அதனால் வாசிக்கும் முன் நெருப்பில் காட்டுவார்கள். நம்மவர்கள் பறையைக் காய்ச்சுவது இதே காரணத்துக்குத்தானே! மராவான் கரும்புப் பூவின் தண்டுகளை அடுக்கிக் கட்டிய தட்டைப் பெட்டி, உள்ளே விதைகள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்த இசை இது. 1835இல் அவர்கள் விடுதலையானார்கள். அதே கரும்புக் காட்டில் அடுத்துக் கத்தி பிடித்தது ஒப்பந்தக் கூலியாக வந்த நம் பாட்டன் பூட்டன்கள். அந்தத் தண்டு குலுங்குகிற ஓசையை வெறும் சத்தம் என்று நம்மால் சொல்ல முடியாது, தம்பி. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

மிருதங்கத்தை விட வேண்டாம், சாதகம் குறைய வேண்டாம். ஆனால் முதல் நாள் அதைக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், சும்மா பக்கத்தில் உட்காருங்கள். கூட வாசிப்பது பிறகு தானாக வரும்.

மாமா மகன் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போன் செய்யுங்கள். அன்று சொன்னது தப்பு என்று நேராகச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரவான் காய்ச்சக் காய்ந்த தென்னை ஓலை கொண்டு வரட்டுமா என்று கேளுங்கள்.