ஏசாவின் கோபம் அகராதி ஆகுமா?

கேள்வி: என் மூத்த மகன் பெயர் யாக்கோபு. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த என் மாமனாரின் பெயரை வைத்தோம். மகனின் செல்போன் கடை இரண்டே வருஷத்தில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், "யாக்கோபு என்றால் எபிரெயத்தில் எத்தன் என்று அர்த்தம். அதனால்தான் தேவனே அதை இஸ்ரவேல் என்று மாற்றினார். நீங்களும் மாற்றுங்கள்" என்கிறார். பெயர் மாற்ற ஜெபத்துக்கு ஐயாயிரம் காணிக்கையும் சொல்லியிருக்கிறார். கெசட்டில் மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் மாமனார் முப்பது வருஷம் அந்தப் பெயரில்தான் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் யாரை ஏமாற்றினார்?

'எத்தன்' என்ற அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆதியாகமம் 25:26-ல் யாக்கோபு இரட்டையரில் இளையவனாகப் பிறக்கிறான். அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வருகிறான். எபிரெயத்தில் குதிகாலுக்கு 'ஆகேப்'. அந்த ஓசையை வைத்து யாக்கோபு என்று பேரிடுகிறார்கள். அதில் பழி ஏதும் இல்லை. பிறகு 27:36-ல், தகப்பனின் ஆசீர்வாதத்தைத் தம்பியிடம் பறிகொடுத்த ஏசா வயிறெரிந்து, இவனுக்கு யாக்கோபு என்று பேர் வைத்தது சரிதானே, இரண்டு தடவை என்னை மோசம் பண்ணிவிட்டானே என்று அலறுகிறான். 'ஆகப்' என்ற வினைக்குக் காலை வாரிவிடுவது என்றும் பொருள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். நம்மூரில் வேலு என்ற பங்காளி பணத்தைச் சுருட்டிவிட்டால், "பேரே வேலு, முதுகில் குத்தாமல் என்ன செய்வான்?" என்று சொல்ல மாட்டோமா? அதற்காக, வேலு என்றால் முதுகில் குத்துகிறவன் என்று அகராதியில் எழுதுவோமா? உங்கள் ஊழியக்காரர் ஏசாவின் கோபத்தை அகராதியாக எடுத்துக்கொண்டார்.

வேதாகமம் பெயருக்குச் சொல்லும் விளக்கங்களில் பல இந்த மாதிரி ஓசை விளையாட்டுதான். அன்னாள், கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றேன் என்று சொல்லி மகனுக்குச் சாமுவேல் என்று பேரிடுகிறாள். 'கேட்டது' என்பதற்கு எபிரெயம் 'ஷாஊல்'. அது சவுலின் பெயர்! அடுத்து வரப்போகிற ராஜாவின் பெயர் இந்தத் தாயின் வாயில் முன்கூட்டியே ஒலிக்கிறது. கதை சொன்னவர் சாமர்த்தியசாலி. அவர் சொல்லிலக்கணப் பாடம் எடுக்கவில்லை.

சரி, யாக்கோபு என்ற பெயரின் வேர்தான் என்ன? யோசேப்பு (கூட்டித் தருவார்), ஈசாக்கு (நகைப்பார்) போல இதுவும் ஒரு வினைச்சொல். 'எல்', அதாவது தேவன், என்று முடிந்த நீண்ட பெயரின் சுருக்கம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எகிப்து மன்னன் மூன்றாம் துத்மோஸ் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் கர்னாக் கோயில் சுவரில் வெட்டிவைத்த கானானிய ஊர்ப் பட்டியலில் 'யாக்கோப்-எல்' என்று ஓர் ஊரே இருக்கிறது. எபிரெயத்துக்கு உறவான எத்தியோப்பியாவின் கெஎஸ் மொழியில் இதே வேருக்குக் காப்பது என்று பொருள். ஆக, 'தேவன் காப்பாராக' என்பதே இதன் மூலப் பொருளாக இருக்கலாம். தன் பிள்ளைக்கு 'எத்தன்' என்று பெயர் வைக்க எந்தத் தகப்பன் துணிவான்?

அப்புறம் பெயர் மாற்றம். ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்திலும் 35-ஆம் அதிகாரத்திலும் 'இனி உன் பேர் இஸ்ரவேல்' என்று வருவது உண்மை. ஆனால் 46:2-ஐ வாசியுங்கள். தேவன் இராத் தரிசனத்தில் இஸ்ரவேலோடு பேசுகிறார் என்று வசனம் தொடங்குகிறது. அவர் கூப்பிடுவதோ, "யாக்கோபே, யாக்கோபே". ஆபிராம் ஆபிரகாம் ஆன பிறகு தேவன் அவரைப் பழைய பெயரால் அழைத்ததே இல்லை. யாக்கோபை மட்டும் அழைக்கிறார். யாத்திராகமம் 3-ல் மோசேயிடம் தம்மை அறிமுகப்படுத்தும்போதும் 'யாக்கோபின் தேவன்' என்றே சொல்கிறார்; இதுவே என்றைக்கும் என் நாமம் என்கிறார். ஆசீர்வாதத்தைத் தடுக்கிற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வாரா?

நாளாகமத்தில் வரும் யாபேஸ் என்பவனின் ஜெபத்தை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். துக்கத்தோடே பெற்றேன் என்று தாய் வைத்த பெயர் அது. 'ஓட்செப்' என்றால் வேதனை; அதன் கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் யாபேஸின் வேர். அவன் தேவனிடம் எல்லையைப் பெரிதாக்கும்படி கேட்டான், கிடைத்தது. பெயரை மாற்றும்படி அவன் கேட்கவில்லை. கடைசிவரை யாபேஸ்தான்.

பன்னிரண்டு சீஷரில் இரண்டு பேர் யாக்கோபு. இயேசுவின் சகோதரர் ஒருவரும் யாக்கோபு. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்குப் போனால் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் வாயில் 'சான்தியாகோ' ஆகி நம் வாயில் சந்தியாகப்பர் ஆனவரும் இதே யாக்கோபுதான். பெயர் மாற்ற அவரிடமும் காணிக்கை கேட்கும்படி உங்கள் ஊழியக்காரரிடம் சொல்லுங்கள்.

கெசட்டில் மாற்றினால் ஆதார், பாஸ்புக், பள்ளிச் சான்றிதழ் என்று உங்கள் மகன் அலைய வேண்டிவரும். அந்த ஐயாயிரத்தைக் கடை வாடகைக்குக் கொடுங்கள்.