தம்ளரில் தெளிந்தது உடம்பில் தெளியுமா?

கே: எங்கள் குடியிருப்புக்கு வந்த ஒருவர் தம்ளர் தண்ணீரில் அயோடின் விட்டார். பழுப்பானது. வைட்டமின் சி பொடியைப் போட்டதும் பளிங்காகத் தெளிந்தது. "உடம்பில் இருக்கிற ஃப்ரீ ராடிக்கலும் இப்படித்தான் ஓடும்" என்றார். மூன்று மாதப் பொடிக்கு ரூ.6,400 கொடுத்துவிட்டேன். ஏமாந்தேனா?
– வாசகி, மதுரை

ப: ஆமாம் அம்மா. ஆனால் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இந்தத் தம்ளர் வித்தையைக் கேள்விப்பட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வைட்டமின் சி எலக்ட்ரானைக் கொடுத்ததும் அயோடின் நிறமில்லாத அயோடைடாகிவிடும், அவ்வளவுதான். அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் தெளியும். அந்தத் தம்ளரில் ஃப்ரீ ராடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைந்து செல்லைக் கெடுக்கக்கூடிய மூலக்கூறு) எதுவும் சாகவில்லை.

உடம்பில் ஓடுவது குழாய்த் தண்ணீரும் இல்லை. எச்சில், இரத்தம், சிறுநீர். ஃப்ரீ ராடிக்கலுக்கு எலக்ட்ரானைக் கொடுத்ததும் வைட்டமின் சியே ஒரு ஃப்ரீ ராடிக்கலாகிறது, சாதுவான ஒன்று. (விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.) துளி இரும்போ செம்போ சேர்ந்தால் சோதனைக் குழாயில் வைட்டமின் சி ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற கெடுதலான பொருளைக்கூட உண்டாக்கும். உடம்பிலோ எச்சிலிலும் சிவப்பணுக்களிலும் உள்ள என்சைம்கள் அதை உடைத்துப் போட்டுவிடும். ஆகவே சோதனைக் குழாயில் கண்ட நன்மையானாலும் சரி, கெடுதலானாலும் சரி, அப்படியே உடம்புக்குப் பொருந்தாது. தினம் 200 மி.கி. போனாலே இரத்தத்தில் அளவு ஏறக்குறைய நிரம்பிவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் சொன்ன தினத் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மி.கி. ஒரு கொய்யாப்பழத்தில் முடிந்துபோகும் கணக்கு.

பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். நோய் தீரும் என்று அச்சடித்த தாள் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

கே: வைட்டமின் சி சீரம் பழுப்பாகிவிட்டது. பூசலாமா?
– வாசகர், சேலம்

ப: வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டுக் கெட்டுவிட்டது. ரூ.1,800-க்கு வாங்கிய சீரத்தைக் குளியலறை ஜன்னலில் வைத்துத் தேநீர் நிறமாக்கியவன் நான். வெளிச்சம் புகும் நிறமில்லாத கண்ணாடிக் குப்பியில் விற்கிறார்களே என்று கடையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கே: தள்ளுபடியில் 1,000 மி.கி. மாத்திரை 150 வாங்கினேன். அடுத்த மாதம் காலாவதி. வீணாக்காமல் தினம் ஐந்து போடுகிறேன். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு.
– வாசகர், திருப்பூர்

ப: ஐயா, வயிறு என்ன குப்பைத் தொட்டியா? பெரியவர்களுக்கு மேல்வரம்பே 2,000 மி.கி. அதைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரகக் கல்லும் வரலாம். அதைவிட மோசம், சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டக்கூடும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையோ இருக்கும் சர்க்கரையை இல்லை என்று காட்டக்கூடும். மீட்டர் கூட்டிக் காட்டியதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் என்ன ஆகும்? நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது?

கே: சோடியம் அஸ்கார்பேட் இரண்டு மடங்கு விலை. உயர்ந்த சரக்கா?
– வாசகி, தஞ்சாவூர்

ப: அதே வைட்டமின், புளிப்பு குறைவு. உப்பைப் போல இதிலும் சோடியம் உண்டு, ஆகவே டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர் தொடவேண்டாம்.