கட்சிக்காரர் எங்கே இருக்கிறார்? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

சுங்கை சிப்புட்டில் தனியாக லோயர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். 'இலவச ஆலோசனை' என்று முகநூலில் விளம்பரம் போட்டு மாதம் 800 வெள்ளி (ரிங்கிட்) செலவாகிறது. வாட்சப் ஓயவில்லை. ஆனால் போக்குவரத்து சம்மன் அபராதத்தைக் குறைக்க முடியுமா என்பதற்கு மேல் பேச்சு போவதில்லை. ஃபைல் திறப்பவர்கள் குறைவு. போஸ்டர் செய்து தருபவர், 'ஜெயித்தால் மட்டும் கட்டணம்' என்று போடச் சொல்கிறார். நல்ல கட்சிக்காரர்கள் வர என்ன வழி?

– ஓர் இளம் வழக்கறிஞர்

அன்புள்ள தங்கைக்கு,

போஸ்டர்காரர் யோசனை வேண்டாம். வழக்கில் வென்றால்தான் கட்டணம் என்று பேசிக்கொள்வதை மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்களுக்குத் தெரியாததா? 2001இல் வந்த வழக்கறிஞர் விளம்பர விதிகளில் ஒரு பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

முகநூலில் மீன் கறி வீடியோ பார்த்துக்கொண்டிருப்பவர் முன்னால் உங்கள் விளம்பரம் போய் நிற்கிறது. அவருக்கு வழக்கே இல்லை. இலவசம் என்றதும் ஒரு மெசேஜ் தட்டிவிடுகிறார், காசா பணமா? கூகுளில் தேடுபவர் பிரச்சினை வந்த பிறகு தேடுகிறார். 800 வெள்ளியைக் கூகுள் விளம்பரத்துக்குத் திருப்புங்கள்.

தேடுபவர் உங்கள் ஊரிலேயே இருப்பார் என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் உழைத்த அப்பா ஒரு வீடோ துண்டு நிலமோ வாங்கிவைத்திருப்பார். அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கும் இருக்கலாம். அவர் இறந்தபின் பிள்ளைகள் கிள்ளானிலும் ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சொத்தைத் தங்கள் பெயருக்கு மாற்ற லீவு போட்டு அலைய முடியாதவர்கள். முறையாகச் செய்துகொடுத்தால் கட்டணம் தரத் தயங்காதவர்கள். விளம்பரம் அந்த ஊர்களில் தெரியட்டும். கூகுளில் இட அமைப்பை அப்படியே விட்டால், அந்த ஊரில் ஆர்வம் காட்டியவர்களுக்கும் போகும். 'அங்கே இருப்பவர்கள்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நம்மவர்கள் இதைத் தமிழில் தேடுவது அபூர்வம். பரம்பரை நிலத்தின் பெயர் மாற்றத்துக்கு மலாயில் 'துக்கார் நாமா தானா புசாக்கா சுங்கை சிப்புட்' என்றுதான் தட்டுவார்கள். அந்தச் சொற்களைத் தேடும்போது உங்கள் விளம்பரம் வரும்படி அவற்றை வாங்குங்கள். 'பெர்சுமா', 'போராங்', 'ஜவாத்தான் கொசோங்' மூன்றையும் விலக்குச் சொற்களில் (இவை இருந்தால் விளம்பரம் காட்டப்படாது) போடுங்கள். இலவசம் தேடுபவர், விண்ணப்பப் பாரம் தேடுபவர், வேலை தேடுபவர் எல்லாரும் அதிலேயே கழிந்துவிடுவார்கள். மக்கள் உண்மையில் எதைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலும் கூகுளில் கிடைக்கும். வாரம் ஒருமுறை பார்த்து அந்த விலக்குப் பட்டியலை நீட்டுங்கள்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உயில் இல்லாமல், நிலமும் சேர்ந்து 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத சொத்து என்றால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி குடும்பமே நில அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சம். இதை உங்கள் இணையப் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்வேன். சுலபமான கேஸ்கள் போய்விடும், போகட்டும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீடு, உயில் இருக்கும் வீடு, கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) ஒரு பெயரும் ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு எழுத்தும் இருக்கும் அப்பா, இவையெல்லாம் உங்களிடம் வரும். தோட்டக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்களால் நம் ஊரில் இந்தக் கடைசி ரகத்துக்குப் பஞ்சமே இல்லை.

எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று பார்க்காமல், எத்தனை ஃபைல் திறந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். அப்புறம், கோர்ட்டில் நிற்கும் நேரத்தில் விளம்பரத்தை நிறுத்திவையுங்கள். எடுக்காத போனுக்கும் கூகுள் காசு வாங்கும்.