ஸ்பீச் தெரபி மாணவர்கள் முதல் கிளினிக் போஸ்டிங்குக்கு முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, கேட்டல் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு) இரண்டாம் ஆண்டு, அடுத்த மாதம் போஸ்டிங், கிட்டுக்கு 3,000 ரூபாய் வைத்திருக்கிறேன், என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1,000 ரூபாயே தாராளம்.

நான் 1,400 ரூபாய்க்கு ஆன்லைனில் ஃபிளாஷ் கார்டு செட் வாங்கி ஏமாந்தவள். நாலு வயதுப் பையனிடம் இக்லூ, அதாவது பனிக்கட்டி வீட்டுப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றேன். "இட்லி" என்றான். தவறு என்று குறித்துக்கொண்டேன். பின்னால் நின்றிருந்த மேடம், "அவன் வீட்ல வெள்ளையா, குண்டா வேற என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். அன்றோடு அந்த செட் பரணுக்குப் போய்விட்டது.

படங்களை நீங்களே எடுத்துவிடுங்கள். குடம், தோசைக்கல், ஷேர் ஆட்டோ, கீரைக்கட்டு எல்லாம் போனில் எடுத்து, பிரிண்ட் போட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி லேமினேட் செய்தால் போதும். கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுக்காமல், எந்த ஒலிக்கு என்று யோசித்து எடுங்கள். 'க' வராத பிள்ளைகள் நிறைய வருவார்கள், 'த' போட்டுச் சொல்வார்கள். அவர்களுக்குக் காக்கா, தாத்தா இரண்டு படம் இருந்தால் ஒரு செஷனே ஓடிவிடும். காக்காவைக் கேட்க நினைத்து "தாத்தா" என்பான். நீங்கள் தாத்தா படத்தை எடுத்துக் கொடுங்கள். முழிப்பான், தலையாட்டுவான், மறுபடி முயற்சி செய்வான். கட்டு, தட்டு இன்னொரு ஜோடி. கூடவே ஸ்பேச்சுலா குச்சி வேண்டும். நாக்கு நுனியை அதனால் லேசாக அழுத்திக்கொண்டு "கா" சொல்லச் சொன்னால், நுனி எழும்ப முடியாமல் பின்பக்கம் மேலே போகும்.

'ழ'வுக்கு என்று எடுத்தவுடன் கார்டு செய்யாதீர்கள். அம்மாவே "வாளப்பளம்" என்று பேசும் வீட்டில் பிள்ளையும் அப்படித்தான் பேசும். அது ஊர்ப் பேச்சு, குறைபாடு இல்லை.

மூடி இறுக்கமான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா ஒன்று கட்டாயம். உள்ளே கார் பொம்மை தெரியும், ஆனால் பிள்ளையால் திறக்க முடியாது. "தொற" என்றோ, குறைந்தபட்சம் உங்கள் கையைப் பிடித்து இழுத்தோ கேட்டாக வேண்டும். சோப்புக் குமிழியும் இதற்குத்தான். ஊதினால் உதடு பலமாகிப் பேச்சு வரும் என்று சீனியர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். ரெண்டு தடவை ஊதிவிட்டு நிறுத்துங்கள், "இன்னும்" வரும்.

காது கேட்க ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைத்த பிள்ளைகள் வருகிற இடமென்றால் எம்ப்ராய்டரி வளையம் ஒன்று வாங்கி, ஸ்பீக்கரில் போடும் மெல்லிய கறுப்புத் துணியை இழுத்து மாட்டிக்கொள்ளுங்கள். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று சொல்லி, பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது லிங் டெஸ்ட். அப்போது உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடாதபடி இந்த வளையத்தால் வாயை மறைக்க வேண்டும். கையால் மறைத்தால் ஒலியே மாறிவிடும், முக்கியமாக 'ஸ்'.

பெரியவர்களையும் மறக்காதீர்கள். பக்கவாதம் வந்து, பேசவும் புரிந்துகொள்ளவும் சிரமப்படும் அஃபேசியாவோடு உட்கார்ந்திருக்கும் 60 வயதுக்காரரிடம் நாய்க்குட்டி படத்தை நீட்டினால் அவர் முகம் சுருங்கிவிடும், நியாயம்தானே. தினசரி காலண்டர் தாள், டிபன் கடை மெனு, பத்து ரூபாய் நோட்டு, மாத்திரை அட்டை என்று ஒரு கவரில் தனியாக வையுங்கள். செலவே இல்லை.

மிச்சம் டார்ச், கைக்கண்ணாடி, கையுறை, ஒரு பந்து. அவ்வளவுதான். துணி பொம்மை வேண்டாம், எச்சிலைக் கழுவ முடியாது. பட்டன் பேட்டரி போட்ட பொம்மையும், முழுசாக வாய்க்குள் போகிற மணி, கோலி வகையறாவும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம், விசில் வாங்கினால் ஒரு பிள்ளை ஊதியதை அந்தப் பிள்ளையிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள்.